ஒழுகாத திங்கட்கிழமைகள்

ஆயில் சீலைச் சுத்தியால் ஓங்கி அடிக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஞ்சின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற அந்தக் கறுப்பு வளையம் ஒரு மசால் வடை அளவுதான் இருக்கும். உள்பக்கம் ரப்பர் உதடு, உதட்டுக்குப் பின்னால் சுற்றிலும் மெல்லிய ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து உட்கார வேண்டும். உதட்டில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். கோணாமல், நாலா பக்கமும் சீராகத் தட்டி இறக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதைச் செய்யத் துப்பில்லாமல் வண்டியை ரோடு பூரா ஒழுகவிட்டுவிட்டு, "பழைய வண்டின்னா அப்டித்தான் சார் ஒழுகும்" என்று கஸ்டமரிடம் கதை அளக்கிறவர்கள் தாம்பரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

நான் அந்த ரகம் இல்லை. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் நானும் ஜெரோமும் கூட்டாக ஷெட் வைத்திருக்கிறோம். பழைய காரும் வேனும் மட்டும்தான் பார்ப்போம். கார்பரேட்டரும் வயரிங்கும் அவனுடையது. எஞ்சினைப் பிரிப்பதும் மூடுவதும் நான். கதிரேசன் மூடின எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று வேளச்சேரிக்காரர் ஒருவரிடம் சவால் விட்டிருக்கிறேன். மீசை இன்னும் இருக்கிறது.

எனக்கும் ஜெரோமுக்கும் சண்டை வராத நாள் கிடையாது. சண்டை போடுவது நான் மட்டும்தான். ஸ்பானரை விட்டெறிவேன், வாய்க்கு வந்ததைப் பேசுவேன். அவன் சிரித்துக்கொண்டே கடைக்கு டீ சொல்லி அனுப்பிவிடுவான். இப்படி ஒருத்தனிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே மச்சான், மச்சான் என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்கிறோம். சொந்த மச்சான்கள்கூட எங்களைப் போல இருக்கமாட்டார்கள்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் மூடுவோம். மூடியில் தடவின பசை நன்றாக இறுக வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடுவதில்லை. அன்றைக்கு அவனுக்கு மாதா கோயில் பூசை, எனக்குக் கறிச்சோறும் தூக்கமும். திங்கட்கிழமை காலையில்தான் எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்வோம். எஞ்சினுக்குக் கீழே ஒரு நியூஸ் பேப்பரை விரித்துவைத்து, வண்டி நன்றாகச் சூடேறும் வரைக்கும் ஓடவிடுவோம். அப்புறம் நான் குனிந்து அந்தப் பேப்பரை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். ஜெரோம் கை தட்டுவான். பார்க்கிறவர்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் என் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில்தான் தெரிந்தது. தூக்கம் சரியில்லை என்றேன், வெயில் என்றேன், சர்க்கரையாக இருக்கும் என்றேன். என் மனைவி எல்லம்மாவிடம் இதெல்லாம் எடுபடவில்லை.

"இன்னாய்யா நீ, துன்ற சோறு பாதி வாய்க்குப் போவுது, பாதி கீழ வுழுது. ஒயுங்கா டாக்டராண்ட வா" என்று குரோம்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நரம்பு டாக்டர் ஒருவர் என்னை நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். கதிரேசன் என்று எழுதினேன். பெரிதாக ஆரம்பித்த எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது நரம்பு வியாதி, மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும், முழுசாகப் போகாது என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "நுணுக்கமான வேலையெல்லாம் இனிமே கஷ்டம்தாங்க. மெதுவா வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிடுங்க" என்றார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. என் கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லம்மாவிடம் முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன், ஜெரோமிடம் மூச்சுவிடக் கூடாது என்று. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னை எனக்கே பிடிக்காது, அவளுக்கு எப்படிப் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். டாக்டர் சொல்வது இருக்கட்டும், திங்கட்கிழமை பேப்பர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பேப்பரில் சொட்டு விழுந்தால் அன்றைக்கே ஸ்பானரைக் கீழே வைத்துவிடுகிறேன். விழாதவரைக்கும் எவன் சொன்னாலும் கேட்கமாட்டேன். கூடவே ஜெரோம் போகிற மாதா கோயிலுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தேன். நான் முருகனைக் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஆபத்து என்று வந்தால் மாதாவையும் விடமாட்டோம். கை பிழைத்தால் மெழுகில் செய்த கை ஒன்று காணிக்கையாக வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு மெட்டடார் வேன் வந்தது. மூடும்போது கை ஆடத்தான் செய்தது. திங்கட்கிழமை பேப்பரை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அடுத்து ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பியட். அதற்கும் ஒரு சொட்டு இல்லை. பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். "பாத்தியாடா! கதிரேசன்னா சும்மாவா?" என்று கத்தினேன். ஜெரோம் வழக்கம்போலக் கை தட்டினான். அடுத்தடுத்து வந்த வண்டிகளும் அப்படியே. டாக்டராவது மண்ணாங்கட்டியாவது என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். எப்படியும் அதைத் தின்றால் குமட்டிக்கொண்டு வந்தது. எல்லம்மாவுக்குத் தெரியாமல் தினம் ஒன்றாக வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

மாத்திரையை நிறுத்தியதும் கை இன்னும் அதிகமாக ஆடியது. ஆடினால் ஆடட்டும், வேலை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்தவச்சலம் சாருடைய ஹெரால்டு கார் வந்தது. சேலையூரில் இருக்கிறார், பாங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் செய்த வண்டி. இளநீலம். பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். எஞ்சினுக்கு முன்னால், பெல்ட் சுற்றுகிற புல்லிச் சக்கரம் நுழைகிற இடத்தில் இருக்கிற சீல் போய்விட்டிருந்தது.

"கதிரேசன், பொண்ணு சுப்ரஜா கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியிலதான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார் அவர். "இப்ப இருக்கற நிலைமைல ஃபேன் காத்துல எண்ணெய் சிதறுது. மாப்பிள்ளை வேஷ்டியில ஒரு சொட்டு பட்டாலும் சம்பந்தி வீட்ல காலத்துக்கும் பேசுவாங்க. உங்கள நம்பித்தான் விடறேன்."

"சார், என்கிட்ட வுட்டுட்டீங்க இல்ல? வூட்டுக்குப் போய் பத்திரிகைய வைங்க" என்றேன்.

ரேடியேட்டரை இறக்கி, புல்லியை உருவி, முன்மூடியைக் கழற்றினேன். பழைய சீல் புல்லியின் கழுத்தில் சுற்றிலும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. அதே இடத்தில் புதுச் சீலின் உதடு உட்கார்ந்தால் கோடு வழியாக எண்ணெய் வந்துவிடும். அதனால் சீலை ஒரு மயிரிழை முன்தள்ளி உட்காரவைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கழுத்தை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மூளை அப்படியே இருக்கிறது பாருங்கள். எதை, எங்கே, எவ்வளவு என்று எல்லாம் அத்துப்படி.

சனிக்கிழமை சாயங்காலம் மூடியை மேஜை மேல் வைத்து, சீலை வைத்து, அதன் மேல் பழைய பேரிங் வளையத்தை வைத்துத் தட்டினேன். முதல் தட்டு ஒரு பக்கமாக விழுந்தது. இரண்டாவது நழுவியது. சீல் சாய்ந்து இறங்கியது. எதிர்ப்பக்கம் இரண்டு போட்டுச் சமம் செய்தேன். சமம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியைப் பசை தடவி எஞ்சினில் முடுக்கிவிட்டு, புல்லியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளும்போது கை வெட்டி இழுத்தது. எங்கேயோ இடித்தது, அப்புறம் உள்ளே போய்விட்டது. ரேடியேட்டரையும் ஏற்றி மாட்டினேன். ஜெரோம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டீ சொல்லட்டா மச்சான்?" என்றான், திரும்பாமலே.

"சொல்லு, சொல்லு. வேல முடிஞ்சிச்சி" என்றேன். நல்லவேளை, அவன் எதையும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வண்டி ஒழுகாமல் போயிருக்கிறது, வேண்டுதலை இன்னும் எதற்குத் தள்ளிப்போட வேண்டும் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. ஜெரோமிடம் இவ்வளவு நாள் எதையும் மறைத்ததில்லை, இதை மட்டும் மறைத்துவிட்டேன். பூசை முடிந்து வெளியே வரும்போது அவனைப் பிடித்து, இப்படி ஒரு டாக்டர் இப்படிச் சொன்னான்டா, நான் அவன் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டேன்டா என்று முடிந்துபோன கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். எல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா மாப்ள, எங்க போற?" என்று கேலி பண்ணினாள். அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

கோயில் வாசலில் விற்கிற அம்மாவிடம் மெழுகுக் கை ஒன்று வாங்கினேன். வலது கையா இடது கையா என்று கேட்டாள். வலது என்றேன். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. ஓரமாகப் போய் மாதாவின் காலடியில் அதை வைத்துவிட்டு நின்றேன். அதன் விரல்கள் ஐந்தும் நேராக, அசையாமல் இருந்தன. தாயே, உனக்கு நன்றி, என் கையை எனக்கே கொடுத்துவிட்டாய் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்து ஜெரோமின் மனைவி ஷீலா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, கதிரேசண்ணா! இன்னாண்ணா அதிசயமா கீது, கோயிலுக்கெல்லாம் வந்துகீறீங்க?"

"ஒரு வேண்டுதல்மா. எங்க அவன்? உள்ள கீறானா?"

அவள் முகம் மாறியது. "இன்னாண்ணா கேக்குறீங்க? அவரு ஷெட்டுல இல்ல கீறாரு? கொஞ்ச மாசமாவே ஞாயித்துக்கெழம ஆனா அங்கதானே போறாரு? கதிரேசனுக்கு அர்ஜென்ட் வேல, நானும் கூட இருக்கணும்னு தானே சொல்லிட்டுப் போறாரு. நான்கூட, ஏன் பூசைக்கு வரலன்னு ஃபாதர் கேட்டாருன்னு சண்ட போட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பத்தான் மனது வரவில்லை. ஆமாம்மா, ஆமாம்மா, மறந்தே போய்ட்டேன் என்று ஏதோ உளறிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஹெரால்டின் முன்பக்கம் கவிழ்ந்திருந்தது. ரேடியேட்டர் தரையில். புல்லி தரையில். முன்மூடி மேஜை மேல். ஜெரோம் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் விரித்த பேப்பரில் நேற்று நான் போட்ட சீல் கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் உதடு உள்ளே மடிந்து கிழிந்திருந்தது. ஸ்பிரிங் கழன்று வெளியே தொங்கியது. புதிதாக வேலை பழக வந்தவன்கூட இப்படிப் போடமாட்டான்.

"மச்சான்..." என்றான் ஜெரோம். "நீ இன்னா இங்க?"

"நான் இன்னா இங்கயா? நீ இன்னாடா பண்ற?"

"சும்மா... ஒருவாட்டி பாத்துக்கலாம்னு..."

"சும்மா பாக்கறவன் ரேடியேட்டர எறக்குவானா?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தான்.

"அந்த பியட்டு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "மெட்டடாரு?"

"வுடு மச்சான்."

"சொல்லுடா. எல்லாமேவா?"

தலையை ஆட்டினான். காலருகே இருந்த எண்ணெய் டின்னை உதைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. எண்ணெய் தரையெல்லாம் பரவியது.

"டேய், என்ன கேனப்பய ஆக்கிட்டியேடா! நான் பேப்பரத் தூக்கிக்கினு ஆடறேன், நீ நின்னு கை தட்ற! உள்ளுக்குள்ள சிரிச்சியாடா? சொல்லு, சிரிச்சியா?"

"சிரிச்சேனா? நான் சிரிச்சேனா?" அவன் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கத்தி நான் கேட்டதில்லை. "நீதான்டா சிரிச்ச! நீ டீ கிளாஸ ரெண்டு கையால புடிக்க ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும். அந்த மெட்டடாரு சீல் கோணிக்கினு இருந்துச்சி. திங்கக்கெழம அது ஒழுகினா நீ ஒடஞ்சி பூடுவேன்னு மாத்தி வச்சேன். நீ பேப்பரப் பாத்துட்டு அப்டி சிரிச்ச. அந்தச் சிரிப்பப் பாத்தப்புறம் நான் இன்னா பண்ணுவேன்? அடுத்த வாரம் எப்டிரா வுட முடியும்?"

பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன்.

"ஒழுகலன்னு சொல்லி நான் மாத்திரைய நிறுத்திட்டேன்டா" என்றேன்.

"எந்த மாத்திர?"

டாக்டரைப் பற்றிச் சொன்னேன். நரம்பு என்று சொன்னேன். பேப்பர் சுத்தமாக இருந்ததால் வியாதியே இல்லை என்று நம்பினதையும், மாத்திரையைத் தண்ணீரில் விட்டதையும் சொன்னேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லாமல் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, எண்ணெயிலேயே மண்டி போட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"ஐயோ மச்சான்... என்னாலயா? நான் பண்ணதாலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமும் போகவில்லை. இரண்டு பேரும் அழுதோம். சந்தில் யாரோ பால்காரன் ஷட்டரைத் தட்டி, "அண்ணா, கட தொறந்து கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். "புதுச் சீல எடு. நான் போடறேன்" என்றேன். ஜெரோம் மறுக்காமல் கொடுத்தான். மேஜை முன்னால் உட்கார்ந்து, உதட்டில் எண்ணெய் தடவி, மூடியில் வைத்தேன். வளையத்தை அதன் மேல் வைத்துப் பிடித்தேன். என் பிடியிலேயே வளையம் இரும்பில் கடகடவென்று ஓசை போட்டது. இத்தனை மாதம் அந்த ஓசை இருந்திருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். சுத்தியைத் தூக்கவே இல்லை. எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டேன்.

"நீயே போடுடா. கோணாம தட்டு. ஒரு மயிரிழ முன்னால நிக்கட்டும், கழுத்துல கோடு கீது."

"தெரியும் மச்சான். நீ தேச்சி வச்சிருந்தத பாத்தேன்."

அவன் போட்டான். நன்றாகவே போட்டான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூடியை முடுக்கிவிட்டு, புல்லியை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் குந்தினான். ஷட்டர் பாதி மூடியிருந்ததால் அங்கே இருட்டாக இருந்தது.

"இரு, நான் லைட்டாவது காட்டறேன்" என்று ஒயர் லைட்டை எடுத்துப் பிடித்தேன்.

வெளிச்சம் எஞ்சின் மேல் நிற்கவில்லை. புல்லிக்குப் போனது, அவன் கைக்குப் போனது, தரைக்குப் போனது, திரும்பி வந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் ஆடியது. வெளிச்சம் போகிற பக்கமெல்லாம் ஜெரோம் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சீலின் உதட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"தெரியுதாடா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது மச்சான். அப்டியே புடி" என்றான்.

"பொய் சொல்லாதடா இனிமே" என்றேன்.

அவன் புல்லியைக் கீழே வைத்தான். எழுந்து வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டை வாங்கினான். மேலே இருந்த கம்பியில் அதை மாட்டிவிட்டு, திரும்பப் போய் வேலையில் குந்தினான். வெளிச்சம் அந்த இடத்திலேயே நின்றது. நான் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.